குடும்பக் குழுவில் ஒரு மருந்தடிப்புப் படம்

கதிரேசன்: [படம்]
தக்காளிக்கு மருந்து அடித்து முடித்தாகிவிட்டது. காய்ப்புழு இனி தலைகாட்டட்டும், பார்க்கலாம்.

முருகன்: அசத்தல், அண்ணா! முகத்தில் துண்டு கட்டியதில் அடையாளமே தெரியவில்லை.

நிலா: மாமா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் சட்டை நனைந்திருப்பது வியர்வையா, டேங்க் கசிவா?

கதிரேசன்: மூடியில் வாஷர் தேய்ந்துவிட்டது, கொஞ்சம் சொட்டும். மூக்கைத்தான் இறுகக் கட்டியிருக்கிறேனே, அம்மா.

நிலா: மருந்து அடிப்பவர் உடம்புக்குள் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது, மாமா. மூக்கு வழியாகப் போவது அதைவிடக் குறைவு. அந்தத் துண்டும் நனைந்துவிட்டால் மருந்தை முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டிருக்கும். முதலில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

கதிரேசன்: இத்தனை வருடமாக அடிக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?

செல்வி: என்ன ஆகவில்லை? அடித்த ராத்திரியெல்லாம் தலைவலி, குமட்டல் என்று சுருண்டு படுப்பது யாராம்? கேட்டால் வெயில் என்பார். மேகம் மூடிய நாளிலும் அதே வெயில்தான்!

கதிரேசன்: சரி சரி, குளிக்கப் போகிறேன்.

முருகன்: நிலா, தோல் என்ன சல்லடையா? அவ்வளவு சுலபமாக உள்ளே போய்விடுமா?

நிலா: இடத்துக்கு இடம் மாறும், சின்ன மாமா. 1971இல் வெளியான ஓர் ஆய்வில் பாராத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தோலில் தடவி அளந்து பார்த்தார்கள். முன்கையை விடப் பத்து மடங்குக்கும் மேல் உறிஞ்சிய இடம் ஒன்று உண்டு. குடும்பக் குழு என்பதால் இடுப்புக்குக் கீழே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முதுகில் சொட்டுவது வழிந்து எங்கே போய்ச் சேரும் என்று நீங்களே யோசியுங்கள்.

முருகன்: 😳 என் டேங்க்கையும் இப்போதே பார்த்துவிடுகிறேன்.

அருண்: அம்மா, அந்தப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள்.

செல்வி: [படம்]

அருண்: லேபிளில் உள்ள முக்கோணம் மஞ்சள் நிறம், அதாவது நச்சு அதிகம். ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகை.

நிலா: அப்படியானால் அந்தத் தலைவலிக்கு வெயில் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நரம்பு ஒரு தசைக்குக் கட்டளை அனுப்பியதும், அந்தக் கட்டளையை அழிக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த வகை மருந்து அதை முடக்கிவிடும். கட்டளை ஓயாது. வியர்வை, எச்சில், மங்கலான பார்வை எல்லாம் அதனால்தான். முற்றினால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், மூச்சு திணறும். குறைந்த நொதி பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மறுபடி மறுபடி அடித்தால் பாதிப்பு கூடிக்கொண்டே போகும்.

முருகன்: நான் வாங்குவது பச்சை நிறம். அதைக் கையாலேயே கலக்கலாம் அல்லவா?

நிலா: கூடாது! அந்த நிறம், உள்ளே போனால் உடனடியாக எவ்வளவு ஆபத்து என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் பழகினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. தண்ணீர் சேர்க்காத மருந்தைத் தொடும் நேரம்தான் மிக மோசமான நேரம். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு நீளக் குச்சியால் கலக்குங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள்.

செல்வி: முருகா, நீ ஊதுவதை நானே பார்த்திருக்கிறேன்.

முருகன்: அண்ணி, இப்போது அது தேவையா?
சரி, தவறி வாயில் பட்டால் பால் குடித்தால் முறிந்துவிடும் என்கிறார்களே?

நிலா: முறியாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. பல மருந்துகளில் பெட்ரோலியக் கரைப்பான் இருக்கிறது, வாந்தியில் அது நுரையீரலுக்குள் போய்விட்டால் இன்னொரு ஆபத்து. வாயைக் கொப்பளித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கையில் லேபிள் இருக்கட்டும். எங்கள் அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் “ஏதோ வெள்ளையாக இருந்தது” என்றுதான் சொல்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் என்று தெரிந்தால் அட்ரோபின் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கலாம். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

செல்வி: நனைந்த சட்டையை என்ன செய்வது, நிலா?

நிலா: வேறு துணியோடு சேர்க்காதீர்கள், அத்தை. கையுறை போட்டுக்கொண்டு தனியாகத் துவையுங்கள். அதே வாளியில் குழந்தைகளின் துணி வேண்டாம்.

அருண்: லேபிளின் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கிறது. கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் நடுவே 7 நாள் இடைவெளி வேண்டுமாம். அப்பா எப்போது பறிக்கிறார்?

செல்வி: நாளை காலை. ஆள் சொல்லியாகிவிட்டது.

நிலா: ஐயோ. வாங்கிச் சாப்பிடுபவர்கள் இருக்கட்டும், பறிப்பவர்களின் கையில்தான் முதலில் படும்.

கதிரேசன்: குளித்துவிட்டு வந்தேன், எல்லாவற்றையும் படித்தேன். பழுத்து நிற்கிறது, 7 நாள் விட்டால் பாதி தரையில் கிடக்கும். நஷ்டத்தை யார் தருவார்?

நிலா: நஷ்டம்தான், மாமா, இல்லை என்று சொல்லமாட்டேன். பழுத்ததைப் பறித்துவிட்டு அடித்திருக்கலாம். இப்போது காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கதிரேசன்: . . .

கதிரேசன்: பறிக்க வருபவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வியாபாரிதான் குதிப்பார்.

முருகன்: என் தோட்டத்தில் இந்த முறை இன்னும் அடிக்கவே இல்லை, அண்ணா. நாளைக்கு அங்கே பறித்து அவருக்குக் கொடுப்போம். உங்களுக்கும் பங்கு உண்டு.

கதிரேசன்: ஆகட்டும். விலையை நான் பேசுகிறேன், நீ வாயைத் திறக்காதே.