பிள்ளை படிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா? வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

கோபி அம்மா:
வணக்கமுங்க. மகள் இரண்டாம் வகுப்பு, கோபி பக்கம் அரசுப் பள்ளி. தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பாட்டு, கதை எல்லாம் கடகடவென்று வருகிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் "சத்தியமங்கலம்" போர்டைப் படி கண்ணு என்றால் "ச..." என்று ஆரம்பித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் அப்பா போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று எண்ணுகிற வீடியோக்கள் வேறு பயமாக இருக்கிறது. என்ன செய்து பார்க்கட்டும்?

பெருந்துறை டீச்சர்:
அம்மிணி, முதலில் அந்தப் பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள், நூறு தடவை கேட்ட பாடத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் பார்த்தேயிராத நாலு வரியை நீங்களே பெரிய எழுத்தில் எழுதுங்கள், படம் வேண்டாம். படம் இருந்தால் "பசு" என்று எழுதியிருப்பதை "மாடு" என்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள், நமக்கும் சரி போலவே தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். விரல் ஒரு சொல்லில் நிற்க, வாய் அடுத்த சொல்லுக்குப் போனால் அது ஊகம்.

தப்பை உடனே திருத்தாதீர்கள், என்ன தப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் எழுத்தில் பிள்ளைகள் தடுக்குகிற இடமே தனி. உயிர் 12, மெய் 18 நன்றாகச் சொல்லும் பிள்ளை உயிர்மெய் 216-க்கு வந்ததும் திணறும். "கொடி"யை "கெடி" என்று படித்தால் முன்னால் இருக்கும் கொம்பைப் பார்க்கிறாள், பின்னால் வரும் காலை விட்டுவிடுகிறாள் என்று அர்த்தம். அப்போது ஒகர, ஓகார வரிசையை மட்டும் எடுத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும், முதலிலிருந்து அ, ஆ எழுத வைத்துப் பிள்ளையைச் சலிப்பாக்க வேண்டியதில்லை.

வேகத்தைக் கடைசியில் பாருங்கள். மத்திய அரசின் நிபுண் பாரத் என்ற அடிப்படை எழுத்தறிவுத் திட்டத்தில் இரண்டாம் வகுப்புக்கு நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல் என்று இலக்கு உண்டு, ஆனால் "வந்துகொண்டிருந்தார்கள்" நமக்கு ஒரே சொல். அந்தக் கணக்கை வைத்துப் பிள்ளையை மிரட்ட வேண்டாம்.

திருப்பூர் தன்னார்வலர்:
இல்லம் தேடிக் கல்வி மையத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கிற அசர் (ASER) ஆய்வில் செய்வது போலப் பாருங்க. அதில் முதலில் ஒரு சின்னப் பத்தியைக் கொடுப்பார்கள். சரளமாகப் படித்தால் அடுத்து கதை. பத்தி வரவில்லை என்றால் தனிச் சொற்கள், அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகள். சொல்லிலும் எழுத்திலும் ஐந்துக்கு நாலு சரியாக வந்தால் அந்த நிலை தேறியது. பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று பத்து நிமிஷத்துக்குள் தெரிந்துவிடும். அண்ணன், தம்பி யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது, முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். படித்து முடித்ததும் "யார் வந்தாங்க, ஏன் அழுதாங்க" என்று பேச்சாகக் கேளுங்க, பதில் வரவில்லை என்றால் எழுத்துக்கூட்டுவதிலேயே அவள் கவனம் முழுக்கப் போய்விட்டது.

எங்கள் மையத்துக்கு பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களில் சிலர் தமிழை அழகாக வாசிப்பார்கள், பொருள் கேட்டால் விழிப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வந்துவிட்டது, தமிழ்ப் பேச்சுதான் இன்னும் வேண்டும். இரண்டையும் சேர்த்து மார்க் போட்டால் அந்தப் பிள்ளைக்கு அநியாயம்.

கோபி அம்மா:
ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம், "வாழைப்பழம்" என்பதை "வாளப்பளம்" என்று படிக்கிறாள். தப்பு என்று குறிக்கட்டுமா?

பெருந்துறை டீச்சர்:
குறிக்காதீங்க. வீட்டில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்? சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள், நாக்குதான் வீட்டுப் பேச்சில் போகிறது. உச்சரிப்பைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

அப்புறம், பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்ப்பார்கள். 2022-இல் தொடங்கியது, 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் மகள் எந்த நிலை என்று டீச்சரிடம் நேரில் கேளுங்கள், நீங்கள் குறித்து வைத்த தாளையும் கொண்டுபோங்கள். "சரியாகப் படிப்பதில்லை" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது, கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தில் நிற்கிறாள் என்றால் நாளைக்கே அதை எடுத்துவிடுவார்.