பவர் ஸ்ரியரிங் லைட் எரிஞ்சு ஸ்ரியரிங் இறுகுது, அவசர உதவி

நல்லூர்ப் பெடியன்:
வணக்கம். ஸ்ரியரிங் திடீரெண்டு இறுகுது, மஞ்சள் லைட் வருது. நிப்பாட்டித் திரும்ப ஸ்ராட் பண்ணச் சரி. ஸ்கான் பண்ணினன், எரர் ஒண்டும் இல்லை. நாளைக்கு வவுனியா போகவேணும். என்ன சாமான் மாத்தவேணும்?

வயரிங்:
என்ன கார், எந்த வருசம்? ஓடேக்கயா, நிண்டு திருப்பேக்கயா? எதாலை ஸ்கான் பண்ணினீங்கள்?

கொக்குவில்:
டோர்க் சென்சர் (ஸ்ரியரிங்கைத் திருப்புற விசையை அளக்கிறது) பழுதாப் போட்டுது. கொலத்தை, ஸ்ரியரிங் பூட்டியிருக்கிற தண்டை, முழுசா மாத்துங்கோ.

தீவகம்:
முதல் ரயர் காத்தைப் பாருங்கோ. காத்துக் குறைஞ்சால் ஸ்ரியரிங்கைத் திருப்ப உதவுற மோட்டர் கூடக் கரண்ட் இழுக்கும்.

நல்லூர்ப் பெடியன்:
ரொயோட்டா விட்ஸ் 2008. பார்க் பண்ணேக்க மட்டும். புளூடூத் ஸ்கானர். பற்றரி போன மாசம் மாத்தினது.

பழைய கை:
அதை முதலே சொல்லியிருக்கவேணும் தம்பி. உந்த மலிவு புளூடூத் கருவி எஞ்சின் கோட்டைத்தான் வாசிக்கும். ஸ்ரியரிங் கம்பியூட்டருக்குள்ளை போற ஸ்கானர் வேணும். கொக்குவில், ஒரு ரீடிங்கும் பாக்காமல் கொலம் மாத்தச் சொல்லுறது வைத்தியமில்லை. கையை எடுத்துவிட்டுப் பாத்தால் சென்சரின்ரை ரீடிங் டோர்க் 1, டோர்க் 2 ரெண்டும் 2.5 வோல்ற்றுக்குக் கிட்ட, 2.3க்கும் 2.7க்கும் இடையிலை நிக்கவேணும். ஒண்டுக்கொண்டு 0.3க்கு மேலை வித்தியாசம் வந்தால்தான் சென்சரைப் பற்றிக் கதைக்கலாம்.

கொக்குவில்:
அப்ப சீரோ கலிபிரேசன், சென்சரின்ரை பூச்சியத்தைத் திரும்பப் பதியிறது, செய்தால் போதும். சில்லு அலைன்மென்ற் செய்தாலும் அது செய்யவேணும்தானே.

வயரிங்:
இல்லை அண்ணை, அது வேறை சென்சர். அலைன்மென்றுக்குப் பிறகு பாக்கிறது ஸ்ரியரிங் ஆங்கிள் சென்சர். டோர்க் சென்சர் அளக்கிறது உள்ளை இருக்கிற ரோர்சன் கம்பி எவ்வளவு முறுகுது எண்டதை. சில்லு எந்தப் பக்கம் நிக்குதெண்டு அதுக்குத் தெரியாது. சீரோ செய்யேக்க ஆராவது ஸ்ரியரிங்கைப் பிடிச்சிருந்தால் அந்த முறுக்கே சீரோவாப் பதிஞ்சிடும், பிறகு கார் தானா ஒரு பக்கம் இழுக்கும். கொலமோ சென்சரோ கம்பியூட்டரோ மாத்தினால் மட்டும் செய்யுங்கோ.

நல்லூர்ப் பெடியன்:
வேறை ஸ்கானர் கிடைச்சுது. எரர் கோட் சி1552. டோர்க் 2.48, 2.51. எஞ்சின் பக்கம் பற்றரி 13.4 காட்டுது. நிண்ட இடத்திலை முழுசா ஒடிக்கேக்க ஸ்ரியரிங் பக்கம் 9.7.

வயரிங்:
சென்சர் நல்லா இருக்கு, கொலத்தைத் தொடாதேங்கோ. சி1552 எண்டால் மோட்டருக்குப் போற மின்சாரம் குறையுது. எஞ்சின் கம்பியூட்டரின்ரை எர்த் எஞ்சினிலை, ஸ்ரியரிங்கின்ரை எர்த் காரின்ரை பொடியிலை, இரும்பு உடம்பிலை. அதாலைதான் ஒண்டு 13.4, மற்றது 9.7. ஒடிக்கேக்க ஹெட்லைட் மங்கினால் பற்றரியிலை இருந்து பொடிக்கு வாற எர்த் வயர்தான். மங்காட்டில் ஸ்ரியரிங்கின்ரை சொந்த எர்த்தையும் பெரிய பியூசையும் பாக்கவேணும். மீற்றரின்ரை ஒரு கம்பியைப் பற்றரி நெகட்டிவ் முனையிலையே வையுங்கோ, கிளாம்பிலை வையாதேங்கோ. மற்றதைப் பெயின்ற் இல்லாத பொடி இரும்பிலை வையுங்கோ. எஞ்சின் ஓட ஒராள் ஒடிக்கட்டும். 0.2 வோல்ற்றுக்குள்ளை நிக்கவேணும்.

தீவகம்:
கடலுக்கு மேலாலை போற பண்ணைப் பாலத்தாலை ஓடுற வாகனங்களுக்கு உந்த எர்த் போல்ற் கெதியா உப்புப் பிடிக்கும். பற்றரி மாத்தேக்க அந்த வயரை அசைச்சிருப்பினம்.

பழைய கை:
வவுனியாவுக்கு முதல் இதைச் செய்து முடியுங்கோ. உதவி நிண்டாலும் ஸ்ரியரிங் சில்லோடை இணைஞ்சுதான் இருக்கும், ஆனால் வளைவிலை திடீரெண்டு இறுகினால் கை ஏமாந்திடும்.

நல்லூர்ப் பெடியன்:
ஹெட்லைட் மங்கிச்சுது. மீற்றரிலை 3.4. பொடி போல்ற் கை வைக்கேலாத சூடு, வயர் முனையிலை இருக்கிற லக்குக்குக் கீழை பச்சையாப் பூத்துக் கிடந்தது. மண்கடதாசி போட்டு இரும்பு தெரியத் தேய்ச்சு, புது லக் போட்டு இறுக்கினன். இப்ப 0.1. ஸ்ரியரிங் பக்கம் 13.0. பத்துத்தரம் ஒடிச்சும் லைட் வரேல்லை. நன்றி அண்ணைமார்.

கொக்குவில்:
சரி. ஆனால் அலைன்மென்றுக்குப் பிறகு ஒருக்கா சீரோ செய்தால் என்ன பிழை?

வயரிங்:
மேலை எழுதினதைத் திரும்ப வாசியுங்கோ அண்ணை.