பின் பிரேக்கைக் கைக்கு மாற்ற உதவி தேவை (புதுச்சேரி, கடலூர்)

வணக்கம். விபத்தில் நொறுங்கிய என் வலது கணுக்காலை அசையாதபடி இணைத்துவிட்டார்கள்; அதனால் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சேஸியில் வீட்டிலேயே நான் கட்டிவரும் வண்டியின் பின் பிரேக்கை இனி மிதிக்க இயலாது. (பழைய புல்லட்டில் பிரேக் இடப்பக்கம்தான், ஆனால் கியர் வலக்காலுக்கு வந்துவிடும்.)

டிரம்மை நீக்கி டிஸ்க் பொருத்தி, கிளட்ச் லிவருக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) வைக்க எண்ணியுள்ளேன். விரலின் பலத்துக்கேற்ப சிலிண்டரின் துளை சிறியதாக இருக்க வேண்டும். துளை சிறுத்தால் தள்ளப்படும் பிரேக் ஆயிலும் குறையும் என்பதால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களில் எது இதற்குப் பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை 10 மி.மீ. 6061 ரக அலுமினியத் தகட்டில் மில்லிங் செய்ய வேண்டும். பற்றவைத்த இரும்புப் பட்டையை இந்த இடத்தில் நம்ப எனக்கு மனமில்லை. அட்டையில் வெட்டிய மாதிரி தயாராக உள்ளது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் விசாரித்தபோது, ஒரே ஒரு உருப்படி என்றதும் கைவிரித்துவிட்டார்கள். கடலூர்ப் பக்கம் ஒற்றை வேலையை எடுத்துச் செய்யும் லேத் பட்டறை இருக்கிறதா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி இத்தகைய மாற்றத்துக்கு ஒப்புதல் பெற்றவர்கள் இருந்தால், எந்தெந்த ஆவணங்களைக் கேட்டார்கள் என்பதையும் தெரிவிக்கவும்.