லாஞ்ச் ஆங்கிள்: எறிகோணமா, புறப்பாட்டுக் கோணமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலில் மட்டையாட்டம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். மட்டையில் பட்ட பந்து கிளம்பும் கணத்தில் கிடைமட்டத்தோடு ஆக்கும் கோணத்தை அங்கே லாஞ்ச் ஆங்கிள் என்கிறார்கள். 2015 முதல் மேஜர் லீகின் 30 அணிகளின் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்புத் தொழில்நுட்பம் இதை அளக்கிறது. 10 டிகிரிக்குக் கீழே என்றால் தரையோடு ஓடும் பந்து. 10 முதல் 25 வரை தாழ்வாகச் சீறிப் போவது. 25 முதல் 50 வரை உயரப் பறப்பது. அதற்கும் மேல் போனால் தலைக்கு மேலே எழும்பி, எளிதில் கேட்ச் ஆகிவிடும்.

தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் 'எறிகோணம்' இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமா?

——

> 'எறிகோணம்' இருக்கிறதே

வேண்டாம். பேஸ்பாலில் எறிபவர் பிட்சர். எறிகோணம் என்றால் அவர் கையிலிருந்து பந்து வரும் கோணம் என்றுதான் வாசகர் நினைப்பார். இலங்கைப் பாடநூல்களின் 'எறியம்' வழியாகப் போனாலும் இதே குழப்பம்தான்.

'எழுகோணம்' என்று யாரேனும் சொல்வதற்கு முன்பே அதையும் மறுத்துவிடுகிறேன். வடிவியலில் அது ஏழு பக்க வடிவம். தவிர, எல்லாப் பந்தும் எழுவதில்லை. மட்டையின் அடிப்பக்கம் பந்தின் மேல்பாதியில் பட்டால் கோணம் பூஜ்யத்துக்கும் கீழே, −10, −20 என்று போகும்.

கட்டுரையின் வரலாற்றுக்கும் இது முக்கியம். 1910-களின் நட்சத்திர மட்டையாளர் டை காப் காலத்தில் மட்டையைச் சற்று மேலே தள்ளிப் பிடித்து, பந்தைத் தாழ்வாக, ஆளில்லாத இடம் பார்த்துத் தட்டுவதே திறமை. ஒரே பந்து கறுத்து, நைந்து போகும்வரை ஆட்டத்தில் இருந்தது. உயர அடித்தாலும் தூரம் போகாது. 1911-இல் ஃபிராங்க் பேக்கர் அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தது 11 ஹோம் ரன்களால் (பெரும்பாலும் மைதான வேலியைத் தாண்டும் அடிகள்)! 1920-இல் எச்சில் தடவி எறிவதற்குத் தடை வந்தது. அந்த ஆகஸ்டில் தலையில் பந்து பட்டு மட்டையாளர் ரே சாப்மன் இறந்த பிறகு, அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றினார்கள். 1919-இல் 29 ஹோம் ரன் அடித்த பேப் ரூத், 1920-இல் 54 அடித்தார். தாழ்ந்த கோணம், உயர்ந்த கோணம் இரண்டுக்கும் பொருந்தும் நடுநிலைச் சொல்லாக வேண்டும்: புறப்பாட்டுக் கோணம். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகமான எக்ஸிட் வெலாசிட்டிக்கு புறப்பாட்டு வேகம்.

——

புறப்பாட்டுக் கோணம் எனக்கும் உடன்பாடு. ஆனால் இன்னொரு கோணத்தையும் இப்போதே பிரித்துப் பெயரிடாவிட்டால் கட்டுரை தடுமாறும். மட்டை போகும் பாதையின் சாய்வைச் சொல்கிறேன். அதை அட்டாக் ஆங்கிள் என்கிறார்கள். தமிழில் 'வீச்சுக் கோணம்' என்றால் பந்துவீச்சோடு கலந்துவிடும். மட்டைப்பாதைக் கோணம் என்பது நீளம்தான், ஆனால் தெளிவு.

இரண்டும் ஒன்றல்ல. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து வரும் வேகப்பந்து, மட்டையாளரை அடையும்போது சுமார் 5, 6 டிகிரி கீழ்நோக்கி இறங்குகிறது. வளைந்து இறங்கும் கர்வ் பந்து இன்னும் செங்குத்தாக. மட்டையை மேலிருந்து கீழே வெட்டினால் இரு பாதைகளும் ஒரே புள்ளியில்தான் சந்திக்கும். கணம் தப்பினால் அடியும் தப்பும். மட்டை லேசாக மேல்நோக்கி வந்தால் பந்தின் வழியிலேயே கூடுதல் நேரம் இருக்கும். 1941-இல் .406 சராசரி (ஆயிரத்துக்கு 406 ஹிட் என்ற விகிதம்) எடுத்த டெட் வில்லியம்ஸ் வலியுறுத்தியது இதைத்தான். ஆனாலும் கீழ்நோக்கி அடிக்கச் சொல்லும் பயிற்சி வெகுகாலம் நீடித்தது. மட்டைப்பாதை 10 டிகிரியாக இருந்து, பந்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே பட்டால், புறப்பாட்டுக் கோணம் 25-ஐத் தாண்டலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

மட்டைப்பாதை மிகவும் செங்குத்தானால் என்ன கெடும் என்பதையும் சேருங்கள். மார்பளவில் வரும் வேகப்பந்துக்குக் கீழே மட்டை போய்விடும். பிட்சர்கள் அதைப் பார்த்துத்தான் உயரமான பந்துகளை அதிகம் எறியத் தொடங்கினார்கள். 2018-இல் மேஜர் லீகில் முதன்முறையாக ஹிட்களைவிட (மட்டையாளர் தளத்தை அடையும் அடிகள்) ஸ்டிரைக் அவுட்கள் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) கூடின. அடுத்த ஆண்டே 6,776 ஹோம் ரன்கள். ஒரே மாற்றத்தின் இரு பக்கங்கள் இவை.

——

இரண்டு சொற்களையும் எடுத்துக்கொள்கிறேன், நன்றி. வேகம் இல்லாமல் கோணம் மட்டும் பயன்படாது என்பதால், வேகமும் கோணமும் சரியாகச் சேர்ந்த சிறந்த அடியைக் குறிக்கும் 'பேரல்' என்பதற்கும் சொல் தேவை. மணிக்கு 98 மைல் வேகத்தில் புறப்பட்டால் 26 முதல் 30 டிகிரி வரைதான் பேரல். வேகம் கூடக்கூட இடைவெளி அகன்று, 116 மைலில் 8 முதல் 50 வரை ஆகிறது. மட்டையின் பருத்த பகுதிக்கும் இதே பெயர் என்பதால் நேரடியாகப் பெயர்க்க முடியவில்லை. 'முழு அடி' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன்.

——

'முழு அடி' வேண்டாம். அளவுகோல் 'அடி'யாக வாசிப்பார்கள். "முழு அடி தூரம்" என்று எழுத நேர்ந்தால் பொருளே மாறிவிடும். 'நிறையடி' பாருங்கள்.