நான்கு கோலங்களில் கண்டதை விதி என்று கொள்ளலாமா?

மஞ்சக்குப்பம், கடலூர்:
மார்கழியில் எங்கள் தெருவில் போடும் இடைப்புள்ளிக் கோலங்களின் புள்ளிகளை மகளுடன் எண்ணிப் பார்த்தேன். 3 புள்ளி 2 வரை வைத்தால் மொத்தம் 7. 5 புள்ளி 3 வரை 19. 7 புள்ளி 4 வரை 37. 9 புள்ளி 5 வரை 61. நான்கும் பகா எண்கள் என்பதால், நடுவரிசையை எவ்வளவு நீட்டினாலும் இப்படியே வரும் என்று அவள் நோட்டில் எழுதிவிட்டாள். எத்தனை கோலங்களைச் சோதித்தால் இதை உண்மை எனக் கொள்ளலாம்?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
இன்னும் ஒன்றே போதும். 11 புள்ளி 6 வரை வைத்தால் நடுவில் 11, மேலும் கீழும் 10, 9, 8, 7, 6 என மொத்தம் 91. அது 7 × 13. ஊகம் அங்கேயே விழுந்தது. (அடுத்து வரும் 127 பகா எண்தான், ஆனால் விழுந்ததை அது தூக்கி நிறுத்தாது.) மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம், 3, 5, 17, 257, 65537 என்ற வரிசை பகா எண்களாகவே தொடரும் என்று ஃபெர்மாவே நம்பினார், அடுத்த எண்ணான 4294967297 என்பது 641 × 6700417 என்று 1732இல் ஆய்லர் காட்டினார்.

நெல்லித்தோப்பு:
'எத்தனை' என்பதற்கு விடையே கிடையாது. 2ஐ விடப் பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை என்ற, 1742இல் எழுந்த கோல்ட்பாக் ஊகம் 4 × 10¹⁸ வரை சோதிக்கப்பட்டும் இன்றுவரை ஊகமாகவே இருக்கிறது.

ஆனால் உங்கள் பட்டியலை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் 6, 18, 36, 60, 90. எல்லாம் ஆறால் வகுபடுகின்றன. இதையும் எண்ணிப் பார்த்து நம்ப வேண்டியதில்லை, ஏனெனில் நடுப்புள்ளியை எடுத்துவிட்டால் அதைச் சுற்றியுள்ள புள்ளிகள் ஒரே அளவான ஆறு பங்குகளாகப் பிரிகின்றன. 7 புள்ளிக் கோலத்தில் ஒரு பங்கு 1 + 2 + 3, அடுத்ததில் 4 சேரும். கோலம் எவ்வளவு பெரிதானாலும் இந்தப் பிரிப்பு மாறாது.

மஞ்சக்குப்பம், கடலூர்:
நன்றி. ஒற்றைப் புள்ளியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனால் 1, 8, 27, 64, 125 எனக் கன எண்கள் வருவதை மகள் கண்டாள். 91ஐயும் சேர்த்துப் பார்த்தாள், 216. இம்முறை தலைப்பில் 'ஊகம்' என்றே எழுதியிருக்கிறாள். காரணம் உண்டா?

நெல்லித்தோப்பு:
உண்டு. 64 கற்கண்டுக் கட்டிகளை 4 × 4 × 4 என அடுக்கி, ஒரு மூலையில் சந்திக்கும் மூன்று முகங்களையும் உரித்தெடுங்கள். உள்ளே 27 மிஞ்சும், உரித்தவை 37. உரிப்பதற்கு முன் அந்த மூலைக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்த்தால், அந்த 37 கட்டிகளும் உங்கள் 7 புள்ளி 4 வரைக் கோலமாகத் தெரியும்.