புதுப்பிப்பு: ரிலே படபடப்பு நின்றுவிட்டது

கார் பேட்டரிக்கான தானியங்கி சார்ஜரில், சார்ஜை நிறுத்த வேண்டிய 14.4 வோல்ட் வந்ததும் ரிலே (சார்ஜை ஆன், ஆஃப் செய்யும் மின்காந்த சுவிட்ச்) டக்டக்கென்று விடாமல் அடித்துக்கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டுவிட்டது. சார்ஜ் நின்ற நொடியே பேட்டரி வோல்டேஜ் இறங்கும். உடனே சர்க்யூட் மறுபடி ஆன் ஆகும். ஆன் ஆகும் வோல்டேஜுக்கும் ஆஃப் ஆகும் வோல்டேஜுக்கும் இடைவெளி கிடைக்க, கம்பாரேட்டர் (இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்கும் சிப்) அவுட்புட்டிலிருந்து அதன் பிளஸ் இன்புட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டேன். இப்போது 14.4-ல் நின்றால், 12.5-க்கு இறங்கிய பிறகுதான் மீண்டும் தொடங்குகிறது.

அப்புறம், வோல்டேஜை சார்ஜர் முனையில் அளக்காதீர்கள். 5 ஆம்பியர் ஓடும்போது ஒயரில் 0.1 ஓம் மின்தடை இருந்தாலே அரை வோல்ட் போய்விடும்; சார்ஜர் முனையில் அந்த அரை வோல்ட் கூடுதலாகத் தெரிவதால், பேட்டரி நிரம்பும் முன்பே கட் ஆகிவிடும். அளப்பதற்கென்றே இரண்டு மெல்லிய ஒயர்களை நேராக பேட்டரி முனைகளில் கொடுத்தேன். நேற்று இரவு முழுக்க ஓடவிட்டேன். கேட்டது ஒரே ஒரு 'டக்' சத்தம். அவ்வளவு நிம்மதி!