1950களின் பஃப் கை ஜாக்கெட்: பிரிக்காமல் படி எடுப்பது எப்படி, கை ஏன் தொங்குகிறது?

வாயில்நூல்:
1952இல் நடக்கும் மேடை நாடகத்துக்கு நான்கு ஜாக்கெட் தைக்க வேண்டும். அளவு ஜாக்கெட்டாக அந்தக் காலத்து அசல் ஒன்று இருக்கிறது. வெள்ளை வாயில் (மெல்லிய பருத்தித் துணி), முன்பக்கம் ஐந்து கொக்கி, லைனிங் கிடையாது. பஃப் கையின் நீளம் 5½ அங்குலம், அடியில் ஒரு அங்குலப் பட்டி. மார்பு 34, முழு ஷோல்டர் 12½, ஆர்ம்ஹோல் (கை ஏற்றும் வளைவு) சுற்று 14½. சுற்றி வைத்திருந்த தாளில் விலை 3-4-0 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

கடையில் விற்கும் 34 அளவு பேப்பர் கட்டிங்கை வைத்து ஒரு படி தைத்தாயிற்று. ஷோல்டர் 14, ஆர்ம்ஹோல் 16. பஃப் எழும்பாமல் மேல்கையில் கவிழ்ந்து தொங்குகிறது. கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறி இடுப்பு தெரிகிறது. அசலைப் பிரிக்காமல் அதன் வெட்டை அப்படியே எடுக்க வழி உண்டா? கொக்கிகளைச் சுற்றித் துருக்கறை வேறு இருக்கிறது, அதை என்ன செய்யலாம்?

ஊசிமுனை:
பஃப் கவிழ்வதற்குக் கையில் குறை தேடாதீர்கள். ஷோல்டர்தான் காரணம். அசலில் 12½, உங்கள் படியில் 14. பஃப் உட்கார வேண்டிய இடம் தோள் எலும்பின் மேல். தையல் எலும்பைத் தாண்டி இறங்கிவிட்டால் சுருக்கத்துக்குத் தாங்கல் இல்லை, துணி தன் எடையிலேயே சரியும். பக்கத்துக்கு முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டுங்கள்.

ஆர்ம்ஹோல் 16 வைத்ததால்தான் இடுப்பு ஏறுகிறது. அக்குள் வெட்டு ஆழமாக இருந்தால் கையைத் தூக்கும்போது கையோடு சேர்ந்து உடம்புத் துணியும் இழுபடும். அந்தக் காலத் தையலில் அக்குளை ஒட்டி உயரமாக வெட்டியிருப்பார்கள். 14½ஐத் துளிகூடக் கூட்டாதீர்கள். இறுக்குமே என்று தோன்றும். கை தூக்கிப் பார்த்தால் அதுதான் வசதி என்பது புரியும்.

கைக்கு: சாதாரணக் கையைக் காகிதத்தில் வரைந்து, நடுவில் ஒரு கோடு, அதன் இருபுறமும் 1½ அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு கோடு போடுங்கள். ஐந்தையும் வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் ஒரு அங்குலம் அகட்டி வேறு காகிதத்தில் ஒட்டினால் மொத்தம் 5 அங்குலம் கூடும். அகலத்தை மட்டும் கூட்டினால் பஃப் பக்கவாட்டில்தான் விரியும். எழும்ப வேண்டுமானால் மேல் வளைவை நடுவில் 1¼ அங்குலம் உயர்த்தி வரையுங்கள். அடி ஓரத்தையும் நடுவில் அரை அங்குலம் இறக்குங்கள், பட்டியின் மேல் துணி லேசாகப் புடைத்து நிற்கும்.

சுருக்கத்துக்கு மெஷினில் தையல் நீளத்தை 4இல் வைத்து, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரி ஓட்டி, பாபின் நூல்களைச் சேர்த்து இழுங்கள். ஒரே வரி போட்டால் கை ஏற்றும்போது மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்துவிடும். சுருக்கம் முழுவதும் ஷோல்டர் தையலுக்கு முன்னும் பின்னும் 3 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். அக்குள் வரை இழுத்துவிட்டால் கையடியில் மூட்டை கட்டினாற்போல் ஆகிவிடும்.

பட்டர்பேப்பர்:
பிரிக்கவே வேண்டாம். மேஜையில் கம்பளியை நான்காக மடித்து விரித்து, மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் ஜாக்கெட். ஒரு சமயத்தில் ஒரு துண்டு மட்டும்: முன்பாகம், பின்பாகம், கை. முதலில் துணியின் நேர்நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதைக் காகிதத்துக் கோட்டோடு பொருத்துங்கள். பிறகு தையல் வரியிலேயே அரை அங்குலத்துக்கு ஒரு மெல்லிய குண்டூசி, நேர்க்குத்தாக. எடுத்தபின் புள்ளிகளைச் சேர்த்து வரைந்து, தையலுக்கு விடுவதை வெளியே கூட்டுங்கள். டிரேசிங் வீல் (கோடு பதிக்கும் பல்சக்கரம்) ஓட்டாதீர்கள். எழுபது வருஷத் துணியில் அதன் பற்கள் நூலை அறுத்துவிடும்.

டார்ட் (உடம்பு வடிவுக்காகத் துணியை உள்ளே கூராக மடித்துத் தைப்பது) தைத்த இடம் தட்டையாகப் படியாது. டார்ட்டின் ஒரு கால் வரை குத்தி நிறுத்தி, மறுகாலிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். நடுவில் விடும் இடைவெளி, உள்ளே மடிந்திருக்கும் துணியைப் போல் இரண்டு மடங்கு.

பஃப் கையையும் படிய வைக்க முடியாது. அதற்கு ஒரு வழி: கையில் அகலமான இடத்தில் குறுக்குநூல் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, கையின் உட்புறமாக இஞ்ச் டேப்பை அந்த நூலோடு ஒட்டியே, தையலிலிருந்து தையல் வரை நகர்த்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வாயிலில் நூல் தெளிவாகத் தெரியும். அதுதான் வெட்டும்போது இருந்த அகலம். கட்டம் போட்ட துணியாக இருந்தால் கட்டங்களை எண்ணினாலே போதும்.

விலையைப் பற்றி: 3-4-0 என்றால் மூன்று ரூபாய் நான்கு அணா. தசம நாணயம் 1957 ஏப்ரல் 1இல் வந்தது. அதன் பிறகு 1964 வரை ‘ந.பை.’ (நயா பைசா) என்றுதான் எழுதுவார்கள். ஆக, அந்தத் தாள் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. தாள் வேறு எதிலிருந்தோ வந்திருக்கலாம் என்பதால் உள்தையலையும் பாருங்கள். ஓரங்களைக் கையால் மடித்துத் தைத்திருந்தால் காலம் பொருந்தும். ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் மெஷினில் சுற்றித் தைப்பது) இருந்தால் பின்னாளில் யாரோ பிரித்துத் தைத்திருக்கலாம்.

வாயில்நூல்:
நன்றி. உள்ளே ஓவர்லாக் இல்லை. பக்கத்தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டிருக்கிறார்கள். ஷோல்டரைக் குறைத்ததும் பஃப் பாதி எழும்பிவிட்டது. ஆனால் அரை மணி நேரத்தில் மறுபடி வாடிவிடுகிறது. கஞ்சி போட்டும் விறைப்பு நிற்கவில்லை. படிக்கு எடுத்த துணி 67 சதவீதம் பாலியஸ்டர், 33 சதவீதம் காட்டன்.

மல்மல்:
துணிதான் தவறு. கஞ்சி பருத்தி நூலில்தான் பிடிக்கும். பாலியஸ்டர் அதை உள்ளே வாங்காது, மேலே படிந்து தூளாக உதிரும். நாடகத்தின் காலத்துக்கும் அது ஒவ்வாது. பாலியஸ்டர் நூலை இங்கிலாந்தில் 1941இல் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் உற்பத்தி தொடங்கியதே அறுபதுகளின் நடுவில்தான்.

நூறு சதவீதப் பருத்தி ஃபுல் வாயில் வாங்குங்கள். 36 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) பஃப் கையோடு ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மீட்டர். நான்குக்கும் நாலேகால் மீட்டராக எடுத்து, வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே 14½ ஆர்ம்ஹோல் 14க்கு வந்து அக்குளை அறுக்கும். ஊசி 11, பருத்தி நூல்.

ஜவ்வரிசிக் கஞ்சி: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி ஜவ்வரிசி, கண்ணாடிபோல் ஆகும் வரை கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் பசைக்கட்டி ஒட்டி, இஸ்திரி போடும்போது பழுப்பாகத் தீயும். ஜாக்கெட்டை முழுக்க முக்கத் தேவையில்லை. கைகளை மட்டும் நனைத்து, பிழியாமல் தட்டி, பஃபுக்குள் துண்டைச் சுருட்டி வைத்து நிழலில் காயவிடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே, துண்டை எடுக்காமல் இஸ்திரி. பஃபை மடித்து அழுத்தினால் அந்தக் கோடு மேடை விளக்கில் பளிச்சென்று தெரியும்.

ஊசிமுனை:
கஞ்சியை மட்டும் நம்ப மாட்டேன். மேடை வெளிச்சச் சூட்டில் வேர்க்கும், ஈரம் பட்டதும் கஞ்சி இளகும். 6 அங்குல நீளம், 2 அங்குல அகலம் ஆர்கண்டி (மெல்லிய, விறைப்பான பருத்தித் துணி) துண்டை நீளவாக்கில் மடித்துச் சுருக்கி, தோள் உச்சியில் கை ஏற்றிய தையலின் உட்புறம் கைப்பக்கமாக வைத்துக் கைத்தையல் போடுங்கள். பஃபை உள்ளிருந்து அது தாங்கும். ஓரம் குத்தாமலிருக்க மடித்த பக்கம் கையை நோக்கி இருக்கட்டும். இதோடு கஞ்சியும் போட்டால் கடைசிக் காட்சி வரை நிற்கும்.

கொக்கிவளையம்:
துருவுக்கு: முதலில் கொக்கிகளை வெட்டி எடுத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் புதுத் துரு இறங்கும். முலாம் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு வேர்வையில் அரித்ததுதான் இந்தக் கறை. கறை மேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, காயாமல் பார்த்துக்கொண்டு, வெயிலில் அரை மணி நேரம். பிறகு நான்கைந்து தண்ணீரில் அலசுங்கள். புளிப்பு துணியில் தங்கினால் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும். வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான் இது. சாயத் துணியில் நிறமும் சேர்ந்து போகும். குளோரின் ப்ளீச் வேண்டவே வேண்டாம். துரு அழுத்தமாக ஏறுவதோடு அந்த இடம் ஓட்டையாகும்.

கொக்கிப்பட்டி ஏற்கெனவே நைந்திருந்தால் பின்னால் புது வாயில் துண்டு ஒன்று வைத்து, நைந்த இடத்துக்கு வெளியே நல்ல துணியில் தையல் பிடியுங்கள். பாலியஸ்டர் நூலால் இறுக்கித் தைத்தால் நூல் நிற்கும், துணிதான் கிழியும். புதுக் கொக்கி பித்தளையில் போடலாம், ஆனால் அதுவும் பச்சைப் பூக்கும். அசலை யாரும் உடுத்தப்போவதில்லை என்றால் கொக்கியே இல்லாமல் விடுவது மேல். எதிர்ப்பக்கத்து நூல் வளையங்களை அப்படியே விட்டுவிடுங்கள். படியிலும் இரும்பு வளையம் போடாமல், அதேபோல் நூலில் காஜா தையலாகக் கட்டுங்கள்.

முக்கியமாக, அசலுக்குக் கஞ்சி போட்டு எடுத்து வைக்காதீர்கள். மாவுக்குக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும், விறைத்த மடிப்பில் நூல் முறியும். கஞ்சி போக வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலசி, கைக்குள் பழைய வெள்ளை மல் துணியைச் சுருட்டித் திணித்து, மடிக்காமல் தட்டையாக வையுங்கள். அந்த 3-4-0 தாளைத் துணியோடு சேர்க்காமல் தனி உறையில் போடுங்கள். பழைய தாளின் பழுப்பு வாயிலில் இறங்கும்.